பார்ப்பவர் கண்ணும் ஆய்வுக்கூடத் திரையும்



திரையைப் பற்றி வானொலியில் பேசுவது, கண்ணைக் கட்டிக்கொண்டு கோலம் போடுவதைப் போன்ற காரியம். ஆயினும் இன்றைக்கு அந்தக் காரியத்தில்தான் இறங்கியிருக்கிறோம். நேயர்கள் சற்று மனக்கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

எலி, சுண்டெலி, மீன் ஆகியவற்றின் நடத்தையை ஆராயும் கூடங்கள் பலவற்றில் இந்நாளில் ஒரு கணினி இருக்கும். கூண்டுக்கோ தொட்டிக்கோ மேலே ஒரு கேமரா தொங்கும். கேமரா காட்டும் படத்தில் விலங்கு எங்கே இருக்கிறது என்பதைக் கணினியே நொடிக்குப் பல முறை கண்டறிந்து, அது போன வழியைக் கோடாக வரைந்து, தூரம், வேகம், தங்கிய நேரம் ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தரும். இவ்வேலைக்கான மென்பொருளின் திரையை ஆய்வாளர் தம் வசதிக்கேற்ப அடுக்கிக்கொள்ளலாம். வீடியோப் படத்தைப் பெரிதாக்கலாம். எண்களை ஓரத்தில் ஒதுக்கலாம். வேண்டாததை மறைத்தே விடலாம். மேசை விரிப்பை மாற்றுவது போன்ற அலங்கார வேலை இது என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு எண்ணுவது தவறு என்பதே நம் கருத்து. பார்ப்பவரின் கண்முன் எது வைக்கப்பட்டது, எது வைக்கப்படவில்லை என்பது ஆய்வின் முடிவையே மாற்றக்கூடியது. அந்தக் கதையோ கணினி பிறப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

1901ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கிளார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லார்ட் ஸ்மால் என்பவர், எலிகளைப் புதிர்வழியில் ஓடவிட்டு ஆராய்ந்த கட்டுரையை வெளியிட்டார். இங்கிலாந்தின் ஹாம்டன் கோர்ட் அரண்மனைத் தோட்டத்தில் செடிவேலிகளால் அமைந்த புதிர்வழி ஒன்று உண்டு. உள்ளே போனவர் வெளியே வரத் திண்டாடுவார். அதன் அமைப்பைச் சற்று மாற்றி எலிகளுக்கென்று ஒன்று செய்துகொண்டார் ஸ்மால். அக்காலத்து ஆய்வாளருக்குக் கருவிகள் கண், கடிகாரம், நோட்டுப் புத்தகம் ஆகியவையே. குனிந்து எழுதும் அந்த இரண்டு விநாடிகளில் எலி திரும்பிப் பார்த்ததா, முகர்ந்ததா, தயங்கியதா என்பது யாருக்கும் தெரியாமல் போகும்.

இந்தக் குறையை நீக்க வந்த கருவிகளுள் ஒன்றின் பிறப்பு மிகவும் சுவையானது. 1930ஆம் ஆண்டை ஒட்டி, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பி. எஃப். ஸ்கின்னர் என்னும் இளைஞர் எலிகளுக்கான பெட்டி ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். எலி ஒவ்வொரு முறை செயல்பட்டபோதும் ஒரு மரத்தட்டு சிறிது சுழன்று, அதன் துளையிலிருந்து ஓர் உணவு உருண்டை விழும். பழைய சாமான்களிலிருந்து எடுத்த தட்டு அது. நடுவில் ஒரு சிறு கட்டை துருத்திக்கொண்டிருந்தது. அதை வெட்டி எறியாமல் விட்டிருந்தார். பிறகு ஒருநாள் அதில் நூலைச் சுற்றிவிட்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. தட்டு சுழலச் சுழல நூல் பிரியும். நூலில் கட்டிய முள் நகரும் காகிதத்தின் மேல் கோடு இழுக்கும். இவ்வாறு பிறந்ததுதான் கூட்டுப் பதிவுக் கருவி. பின்னாளில் அது திருந்திய வடிவம் பெற்றது. காகிதச் சுருள் ஒரே சீராக நகரும். எலி நெம்புகோலை அழுத்தும்போதெல்லாம் பேனா ஒரு படி மேலே ஏறும். எலி வேகமாக அழுத்தினால் கோடு செங்குத்தாக எழும்பும். சும்மா இருந்தால் கோடு படுத்துவிடும்.

ஸ்கின்னரின் புகழ்பெற்ற நூல் 1938இல் வெளிவந்தது. அவரும் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட நூலிலோ பக்கத்துக்குப் பக்கம் இத்தகைய கோடுகளே. எலியின் வேகத்தை ஒரே பார்வையில் காட்டிய அக்கோடு பெரிய சாதனைதான். ஆனால், நேயர்களே, கோடு படுத்திருந்த நேரத்தில் எலி என்ன செய்துகொண்டிருந்தது? தூங்கியதா, உடம்பைச் சுத்தம் செய்ததா, மூலையில் நடுங்கிக்கொண்டிருந்ததா? காகிதம் அதைச் சொல்லாது. நெம்புகோலை மட்டும் பார்க்கும்படி அமைந்த கருவி, நெம்புகோலை மட்டுமே காட்டியது.

பல செயல்களையும் ஒருசேரப் பதிய விரும்பியவர்களுக்கு 20 பேனாக்கள் கொண்ட பதிவுக் கருவி கைகொடுத்தது. எஸ்டர்லைன் ஆங்கஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தின் கருவி பெயர் பெற்றது. 20 பேனாக்களும் 20 கோடுகளை இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு பொத்தானை அழுத்தினால் அதற்குரிய பேனா சற்று விலகும். விட்டால் பழைய இடத்துக்கு வரும். எந்தச் செயலுக்கு எந்தப் பேனா, எந்த விரலுக்கு எந்தப் பொத்தான் என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே தீர்மானித்தாக வேண்டும். அடிக்கடி நிகழும் செயலைச் சுண்டுவிரலுக்குக் கொடுத்தவர் அரைமணி நேரத்தில் தவிப்பார். ஒத்த இரண்டு செயல்களை அடுத்தடுத்த பொத்தான்களுக்குக் கொடுத்தவர் மாற்றி அழுத்துவார். இன்றைய திரையை அடுக்கும் வேலைக்கு இதுவே முன்னோடி எனலாம்.

கருவி ஒருபுறம் இருக்க, கண்ணின் இயல்பைப் பற்றியும் ஒருவர் எழுதினார். கென்யா நாட்டின் அம்போசெலியில் பபூன் குரங்குகளை ஆராய்ந்த ஜீன் ஆல்ட்மன் அம்மையார், 1974இல் வெளியிட்ட கட்டுரை விலங்காய்வாளர்கள் நடுவே பெரிதும் படிக்கப்பட்டது. கண்ணில் பட்டதையெல்லாம் எழுதுவேன் என்று உட்கார்ந்தால் சண்டையும் துரத்தலும் கூச்சலுமே நோட்டை நிரப்பும். அமைதியாக உட்கார்ந்து இலை தின்னும் குரங்கு பதிவிலேயே வராது. ஆகையால் ஒரு குரங்கைத் தேர்ந்து, குறித்த நேரம் முழுவதும், அது ஒன்றும் செய்யாவிட்டாலும் அதையே பார்க்கும் முறையை அவர் விளக்கினார். ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று. வகுப்பில் வாயாடும் பிள்ளைகளின் பெயர் முதல் வாரத்திலேயே மனப்பாடமாகிவிடும். கடைசி வரிசையில் ஓசையின்றி இருந்த பிள்ளைக்குக் கரும்பலகை எழுத்தே தெரியவில்லை என்பதை ஆண்டின் நடுவில்தான் கண்டுபிடிப்போம்.

கணினி வந்தபோது முதலில் அது பொத்தான் கருவியின் வேலையையே செய்தது. நெதர்லாந்தின் வாகனிங்கனில் லூகாஸ் நோல்டஸ் என்னும் உயிரியலாளர், பயிர்ப்புழுக்களின் முட்டைக்குள் தன் முட்டையை இடும் ட்ரைக்கோகிராமா என்னும் மிகச் சிறு குளவியை ஆராய்ந்தவர். 1989இல் அவர் தொடங்கிய நிறுவனம் 'அப்சர்வர்' என்னும் மென்பொருளை வெளியிட்டது. விசைப்பலகையின் ஒவ்வொரு விசைக்கும் ஒவ்வொரு செயலைக் கொடுத்து, பார்த்துக்கொண்டே தட்டலாம். நேரத்தைக் கணினி தானே குறித்துக்கொள்ளும். அந்நாளைய டாஸ் கணினியின் எழுத்துத் திரை பொதுவாக 80 எழுத்து அகலமும் 25 வரி உயரமும் கொண்டது. அடுக்குவதற்கு அதில் அதிக இடமில்லை.

இடத்தைக் கொடுத்தது சாளரம் என்னும் கருத்து. 1968இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் டக்ளஸ் எங்கல்பார்ட் சுட்டெலியைக் கையில் பிடித்துக் கணினியை இயக்கிக் காட்டினார். 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆல்டோ கணினியும், 1984இல் மெக்கின்டாஷும் வந்தன. 1985இல் வந்த விண்டோஸ் முதற்பதிப்பில் சாளரங்கள் ஓடு பதித்தாற்போல் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில் ஒன்றன்மேல் ஒன்று ஏறலாயின. எலியை ஆராயும் திரையை அடுக்குவதற்கும் ஓர் எலியே கருவியாக வாய்த்தது வேடிக்கைதான். ஆனால் ஒன்றன்மேல் ஒன்று ஏறத் தொடங்கியவுடன் புதிய தொல்லையும் கூடவே வந்தது. மேலே இருப்பது கீழே இருப்பதை மறைக்கும்.

அது எவ்வளவு பெரிய தொல்லை என்பதை விளக்க, நேயர்களை ஒரு நீர்த்தொட்டிக்கு அழைத்துச் செல்லவேண்டியிருக்கிறது.

1981இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்டு மோரிஸ் என்பவர் ஒரு புதிய சோதனையை அறிவித்தார். வட்டமான தொட்டியில் தண்ணீரை நிரப்பிப் பால் கலந்துவிடுவார்கள். நீருக்குள் எது இருந்தாலும் தெரியாது. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறு மேடை மறைந்திருக்கும். எலி நீந்தும், ஆனால் நீரில் இருப்பதை அது விரும்பாது. தொட்டிக்கு வெளியே சுவரிலும் அறையிலும் தெரியும் அடையாளங்களைக் கொண்டு மேடை இருக்கும் இடத்தை அது மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நாள்தோறும் பழக்கினால், தொட்டியின் எந்த ஓரத்தில் விட்டாலும் நேரே மேடைக்குப் போய்விடும். பிறகு மேடையை எடுத்துவிட்டுப் பார்ப்பார்கள். கற்றுக்கொண்ட எலி, மேடை இருந்த பகுதியையே சுற்றிச் சுற்றித் தேடும். நினைவாற்றலையும் மூளையையும் ஆராய்வோர் உலகெங்கும் இச்சோதனையைக் கையாண்டனர்.

இங்கே முக்கியம் எலி போன பாதை. ஆரம்ப காலத்தில் சில கூடங்களில் தொலைக்காட்சித் திரையைப் பார்த்துக்கொண்டே கையால் பாதையை வரைந்தார்கள். பிறகு கணினி அந்த வேலையை ஏற்றது. நோல்டஸ் நிறுவனத்தின் 'எத்தோவிஷன்' 1993இல் வெளிவந்தது. அதற்கு முன்னும் பின்னும் வேறு பல மென்பொருள்களும் உண்டு. அவை செய்யும் வேலையின் அடிப்படை எளிமையானதே. எலி இல்லாத தொட்டியின் படத்தையும் எலி இருக்கும் படத்தையும் ஒப்பிட்டு, வேறுபடும் புள்ளிகளின் கூட்டத்தை எலி என்று கொள்வது. அக்கூட்டத்தின் நடுப்புள்ளியைக் குறித்துக்கொள்வது. வெள்ளெலி வெண்ணிற நீரில் நீந்தினால் கணினிக்குத் தெரியாது. அதற்காக எலியின் தலையில் கறுப்புச் சாயம் தடவுவார்கள். அல்லது நீரையே கறுப்பாக்கிவிடுவார்கள்.

நம் நாட்டில் பழைய தொலைக்காட்சி ஒளிபரப்பு பால் முறையில் நடந்தது. அம்முறையில் விநாடிக்கு 25 படங்கள். இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எலி விநாடிக்கு 20 சென்டிமீட்டர் நீந்துவதாக வைத்துக்கொண்டால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே அது ஒரு சென்டிமீட்டர்கூட நகர்வதில்லை. நீரில் மின்விளக்கின் ஒளி பிரதிபலிக்கிறது. கணினி ஒரே ஒரு படத்தில் அந்த ஒளியை எலி என்று நம்பிவிடுகிறது. ஒளி இருப்பது 120 சென்டிமீட்டர் தொலைவில். அடுத்த படத்தில் மறுபடியும் உண்மை எலிக்கே திரும்பிவிடுகிறது. போக 120, வர 120. ஆக 240 சென்டிமீட்டர், எலி நீந்தாத தூரம், கணக்கில் ஏறிவிட்டது. அந்தத் தாவலின் வேகம் என்ன? 120ஐ 25ஆல் பெருக்கினால் விநாடிக்கு 3,000 சென்டிமீட்டர். மணிக்கு 108 கிலோமீட்டர்! நெடுஞ்சாலையில் மோட்டார் வண்டி ஓடும் வேகத்தில் ஓர் எலி நீந்தியதாக ஆகிறது.

இவ்வளவு பெரிய பொய் எவர் கண்ணுக்கும் தப்பாது என்று நினைப்பீர்கள். தப்பிவிடும். ஒரு நிமிடத்தில் எலி உண்மையாக நீந்தியது 1,200 சென்டிமீட்டர். தவறையும் சேர்த்தால் 1,440. சராசரி வேகம் 20க்குப் பதிலாக 24 என்று திரையின் ஓரத்தில் நிற்கும். 24 என்பது எந்தச் சந்தேகத்தையும் எழுப்பாத எண். சற்றுச் சுறுசுறுப்பான எலி என்று எழுதிக்கொண்டு அடுத்த எலியை எடுத்து விடுவார்கள். அந்த எலிக்கு ஏதேனும் மருந்து கொடுத்திருந்தால், மருந்துதான் சுறுசுறுப்பைத் தந்தது என்று ஆகிவிடும்.

வீடியோப் படத்தின் மேலேயே பாதைக் கோடும் வரையப்படுமாறு வைத்து, அந்தச் சாளரத்தைப் பெரிதாக நடுவில் நிறுத்தியிருந்தவருக்கோ, கோடு தொட்டியின் குறுக்கே அம்பு பாய்ந்தாற்போல் ஓடித் திரும்பியது அந்தக் கணமே தெரிந்திருக்கும். விளக்கைத் திருப்பி வைத்திருப்பார். எண்களின் சாளரத்தைப் பெரிதாக்கிப் படத்தை மூலையில் சுருக்கியவருக்கு அது தெரிய வழியில்லை. இருவரிடமும் இருந்தது ஒரே மென்பொருள், ஒரே கேமரா.

பின்னால் வீடியோவைத் திரும்பப் போட்டுத் திருத்தலாமே என்று கேட்கலாம். பதிவு இருந்தால், பல பிழைகளைத் திருத்தலாம். ஆனால் கேமரா விலகிப் பாதித் தொட்டி படத்துக்கு வெளியே போயிருந்தால் எதைத் திருத்துவது? எலியை மறுபடியும் நீந்தவிடலாம் என்றால், அதற்குள் அது தொட்டியைக் கண்டுவிட்டது. ஒன்றும் அறியாத எலியாக அது தண்ணீரில் இறங்குவது வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான். அந்த முதல் ஓட்டம் வீணானால் இன்னோர் எலியைத்தான் கொண்டுவர வேண்டும். 1959இல் ரஸ்ஸலும் பர்ச்சும் எழுதிய நூல், விலங்குகளைக் கொண்டு செய்யும் ஆய்வுக்கு மூன்று நெறிகளை வகுத்தது. இயன்ற இடத்தில் விலங்குக்கு மாற்று வழி காணல், விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், அவை படும் துன்பத்தைத் தணித்தல் என்பன அவை. சரியாக அடுக்காத திரை இரண்டாம் நெறியை மீறச் செய்துவிடுகிறது. வாயில்லாப் பிராணியை வீணாகத் தண்ணீரில் போடுவது நம் மனத்துக்கும் ஒவ்வாத செயலன்றோ?

அதற்காக எல்லா வேலைக்கும் ஒரே அடுக்குமுறை பொருந்தும் என்று கொள்ளக்கூடாது. மீன்களை ஆராய்வோர் 8 வரிசையும் 12 நிரலுமாக 96 குழிகள் கொண்ட சிறு பிளாஸ்டிக் தட்டைப் பயன்படுத்துகிறார்கள். தட்டின் நீளம் ஏறத்தாழ 13 சென்டிமீட்டர்தான். குழிக்கு ஒன்றாக 96 ஸீப்ரா மீன்குஞ்சுகள். ஒவ்வொன்றும் சில மில்லிமீட்டர். விளக்கை அணைத்தும் ஏற்றியும் அவை துள்ளுவதைக் கணினி ஒரே நேரத்தில் பதியும். இங்கே ஒவ்வொரு குஞ்சின் பாதையையும் கண் தொடர்வது நடவாத காரியம். முழுத்தட்டின் படத்தையும் ஒருசேரக் காட்டும்படி வைத்தால், கோடே விழாத குழி பல்லில்லாத இடம் போல் பளிச்சென்று தெரியும். செத்த குஞ்சோ, குஞ்சு இடப்படாத வெற்றுக் குழியோ என்று உடனே பார்த்துவிடலாம். 96 வரிகள் கொண்ட அட்டவணையில் 57ஆம் வரியில் இருக்கும் சைபர் அவ்வளவு எளிதில் கண்ணில் படாது.

இன்னொரு சிறு செய்தி. பல மென்பொருள்கள் கடைசியாக அடுக்கிய முறையை நினைவில் வைத்துக்கொள்ளும். காலையில் ஒருவர் மறைத்த சாளரம் மாலையில் வருபவருக்கும் மறைந்தே கிடக்கும். அப்படி ஒன்று உண்டு என்பதே வந்தவருக்குத் தெரியாமல் போகலாம். ஆய்வு தொடங்குமுன் ஓர் அடுக்குமுறையை முடிவுசெய்து, அதற்குப் பெயரிட்டுச் சேமித்து, திரையின் படத்தை அச்சடித்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைப்பது நல்லது. இன்று விலையின்றிக் கிடைக்கும் மென்பொருள்களும் உண்டு. இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரியார்டு, காம்பா ஆகிய இருவர் 2016இல் அறிமுகக் கட்டுரை வெளியிட்ட 'போரிஸ்' அத்தகையது. செயல்களின் பட்டியல், விலங்குகளின் பட்டியல், நிகழ்ச்சிப் பதிவு ஆகியவற்றை அதிலும் வேண்டிய பக்கத்துக்கு இழுத்து வைத்துக்கொள்ளலாம். ஆகவே, பணமில்லாத கூடத்துக்கும் இந்தப் பொறுப்பு உண்டு.

இதுவரை எதைக் காட்டவேண்டும் என்று பேசினோம். எதை மறைக்கவேண்டும் என்பதும் உண்டு. அதற்கு 1963இல் வெளிவந்த ஓர் ஆய்வை நினைவூட்ட வேண்டும். வட டக்கோடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ரோசன்தாலும் கெர்மிட் ஃபோடும் 12 மாணவர்களிடம் ஆளுக்கு 5 எலிகளைக் கொடுத்தார்கள். பாதிப் பேரிடம், உங்கள் எலிகள் புத்திசாலி இனம் என்றார்கள். மறுபாதியிடம், உங்களுடையவை மந்த இனம் என்றார்கள். உண்மையில் எல்லாம் சாதாரண எலிகள். யாதொரு வேற்றுமையும் இல்லை. இருபுறமும் பிரியும் வழியில் இருண்ட பக்கத்துக்குப் போகக் கற்பிக்க வேண்டும், அவ்வளவுதான். புத்திசாலி என்று பெயர் வாங்கிய எலிகளே நன்றாகக் கற்றன! அவற்றைப் பெற்ற மாணவர்கள் அவற்றைக் கூடுதல் பரிவோடு தொட்டுத் தூக்கியதாகத் தாங்களே தெரிவித்தார்கள். ஏமாற்ற வேண்டும் என்று எவரும் எண்ணவில்லை.

கணினி எலியைப் பரிவோடு தொடுவதில்லை, வெறுப்போடு தொடுவதுமில்லை. ஆயினும் தண்ணீரில் எலியை விடுவது மனிதக் கை. பாதை பிசகியிருக்கிறது, இந்த ஓட்டத்தைத் தள்ளிவிடலாம் என்று முடிவு செய்வதும், தவறான புள்ளிகளை இழுத்துத் திருத்துவதும் மனிதரே. அந்நேரத்தில் திரையின் ஓட்டப் பட்டியலில், இந்த எலிக்கு மருந்து கொடுக்கப்பட்டது என்று எழுதியிருந்தால், கை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. இத்தனைக்கும் அந்த நிரலை மறைக்க ஓரிரு சொடுக்கே போதும். செலவில்லாத இவ்வேலையைச் செய்யாமல் விட்டுவிடுவது நமக்குப் பெரும் வியப்பாக இருக்கிறது.

கவனமாக நடத்தப்படும் கூடங்களில் அந்த நிரலை மறைப்பதோடு நின்றுவிடுவதில்லை. மருந்தின் பெயரையே கணினிக்குச் சொல்வதில்லை. எலிகளுக்கு எண் மட்டுமே உண்டு. எந்த எண்ணுக்கு எந்த மருந்து என்னும் பட்டியல், சோதனையில் கலந்துகொள்ளாத வேறொருவரிடம், ஒட்டிய உறைக்குள் இருக்கும். கடைசி எலியின் கடைசி ஓட்டம் முடிந்து, பாதைகளெல்லாம் பார்த்துத் திருத்தப்பட்ட பின்னரே அந்த உறையைப் பிரிப்பார்கள்.